வாளியில் நனைத்த துப்பட்டி

மாதுங்கா, சனிக்கிழமை, 17-5-41

சட்டையைக் கழற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செம்பூரில் அக்கா பெண்ணைப் பெண் பார்க்க வருகிறார்கள். குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறேன். சாதமும் ரசமும் மூடி வைத்திருக்கிறது. எதிர் ஆத்தில் கொடுத்திருந்த மறுசாவியைத் திருப்பி வாங்கிவிட்டேன். இனி அது என்னிடமே இருக்கட்டும்.

வாளியில் நாம் போர்த்திக்கொள்ளும் மல் துப்பட்டி நனைந்திருக்கிறது. வெயில் காலத்துக்குக் கனமில்லாமல் வேண்டும் என்று பத்துக் கடை ஏறி இறங்கி நான் வாங்கியது. பிரசவத்துக்குப் பாலக்காடு போயிருந்த ஐந்து மாதமும் அதை யார் துவைத்தது என்று கேட்டேன். "நானேதான் துவைச்சேன், வேற யாரு?" என்றீர்கள். சந்தோஷம். ஆனால் நான் வந்து பார்த்தபோது அது அளவாய்க் கஞ்சி போட்டு, கரை வெளியே தெரிய நாலாய் மடித்து, கட்டிலின் கால்மாட்டில் அழகாய்க் கிடந்தது. வேஷ்டியைப் பிழியச் சொன்னால் கயிறாய் முறுக்குகிற கை உங்களுடையது.

அதனால் இன்றைக்கும் நீங்களே துவையுங்கள். முறுக்கினால் மல் இற்றுப் போகும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் நிறம் வெளுக்கும். கஞ்சி எடுத்து வைத்திருக்கிறேன். ஏழு மணிக்கு வந்து மடிப்பைப் பார்க்கிறேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: எதிராத்துக் கதவைத் தட்ட வேண்டாம். பஜ்ஜி போட ஒரு நல்ல கை வேண்டும் என்று அந்த ஆத்து ஷ்யாமளாவையும் என்னோடு அழைத்துக்கொண்டு போகிறேன்.