தளபதியின் கைக்கடிகாரம்

கப்பலின் இயந்திர அறையில் வெந்துகொண்டிருக்கும் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை. நீங்கள் போனதிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறது. வரலாற்றுப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கே ஒரு வரலாறு. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். கடல் தாண்டி அடி விழாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து வந்து அம்மா நோட்டில் எழுதுகிறாரே, படையோடு போகும் சலவைக்காரியின் கதை, அதை நான்தான் தட்டச்சு செய்கிறேன். ஒவ்வோர் அத்தியாயத்திலும் அந்தக் காலத்தில் இல்லாத ஒரு பொருளை நைசாகச் சொருகிவிடுவேன். அம்மா சிவப்புப் பேனாவோடு தேடிப் பிடிப்பார். போன முறை ராணி பட்டனை அமுக்கிக் குடை விரித்தாள். அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

போன வாரம் நூலக மாடியில், சரித்திர நாவல் எழுதுகிறவர்கள் கூடினார்கள். அம்மாவுக்கு இதுதான் முதல் தடவை, துணைக்கு நானும் போனேன். "அங்கயும் ஒண்ணும் தேறலைன்னா நோட்டையெல்லாம் பழைய பேப்பரோட கட்டிடுறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற எனக்கு அதற்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேஜைமேல் பித்தளை மணி இருக்கும். ஒருவர் படிக்கும்போது காலத்துக்கு ஒவ்வாத பொருள் வந்தால் யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். மணி வாங்கியவர் அந்த வரியை நின்ற இடத்திலேயே மாற்றிச் சொல்ல வேண்டும்.

சலவைக்கூடத்தில் ஒரு இயந்திரம் மக்கர் செய்ததால் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க இரட்டை ஷிஃப்ட். நான் தட்டிய பக்கத்தைப் பார்க்காமலே பைக்குள் வைத்துவிட்டார். அதில் சொருகியது எனக்கும் மறந்துவிட்டது. அவர் மூன்றாவது பத்தியைப் படிக்கும்போதுதான் எனக்குப் பகீரென்றது.

"தளபதி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்" என்று அம்மா கணீரென்று படித்துவிட்டார்.

மணி அடித்தது. அறையே சிரித்தது. "தளபதி சாவி குடுத்தாராம்மா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பஸ் டிரைவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். "இது எம்பொண்ணு பண்ண வேலை" என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்திருப்பார். சொல்லவில்லை. நானே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். உட்கார் என்று கையைக் காட்டினார். பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

வானம் மூடியிருந்தது. இருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தளபதி கேட்டான். உச்சிப்பொழுதில் கொடியில் போட்ட போர்வையைச் சலவைக்காரி தொட்டுப் பார்த்தாள். ஓரம் காய்ந்திருந்தது, மடிப்பில் ஈரம். "மூடாப்புல மெதுவாத்தான் காயும். இன்னும் அஞ்சு நாழிகை இருக்கு, போய்ச் சேந்துடுவீங்க" என்றாள்.

அவ்வளவுதான். தலைமை தாங்கிய நில அளவையர் மணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது எங்க யாருக்கும் தோணாதும்மா. மேல படிங்க" என்றார்.

டீ இடைவேளையில் அம்மாவைச் சுற்றி ஒரே கூட்டம். அந்த பஸ் டிரைவர் தன் தேரோட்டியைப் பிரேக் போட வைத்து மணி வாங்கினவராம். ஒரு பல் டாக்டரின் இளவரசி பிரஷ்ஷும் கையுமாக மாட்டினாளாம். போர்க்களத்து ரத்தக்கறையை எப்படிப் போக்குவது, கம்பளிக்கு வேறு, பருத்திக்கு வேறா என்று எல்லாரும் அம்மாவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். "என் சட்டை எங்கே" என்பதைத் தவிர அம்மாவை யாரும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை அப்பா. இப்போது அங்கே அம்மாவுக்கு 'நாழிகை' என்று பெயர். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். யார் டீ கொண்டுவருவது என்ற பட்டியலில்கூட அம்மாவைச் சேர்த்தாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் என் காதைத் திருகினார். "கடிகாரம் நல்லாத்தான் ஓடுச்சு. இனிமே என் கண்ணுல காட்டாம ஒரு தாளும் வெளிய போகக் கூடாது" என்றார். பிறகு நோட்டை மடியில் விரித்து எழுத ஆரம்பித்துவிட்டார். பஸ் குலுங்கிய குலுங்கலில் எழுத்தெல்லாம் தவளை மாதிரி குதித்திருக்கிறது. அதைத் தட்டுவதுதான் எனக்குத் தண்டனை.

இனி உங்கள் பங்கு. நீங்கள் கிளம்பிய அன்று, கதையின் முதல் மூன்று அத்தியாயங்களை அம்மா உங்கள் பெட்டியில் வைத்தார், நீலச் சட்டைக்கு அடியில். போனை வைக்கும் முன் அம்மா ஒரு நொடி பேசாமல் நிற்பது உங்களுக்குக் கேட்கிறதா? அந்தச் சலவைக்காரியும் போனவர் திரும்பும் நாளைத் துணி காய்வதைப் பார்த்துத்தான் எண்ணுகிறாள்.

படித்துப் பாருங்கள் அப்பா. தப்பு இருந்தால் மணி அடியுங்கள். இல்லாவிட்டாலும் அடியுங்கள்.

குழாயோடு சேர்ந்து காத்திருக்கும்,
நாழிகையின் மகள்
வாலு