ஒன்பதாம் நாள் எடுத்த டிஸ்க்

ஐந்தாம் தேதி

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பக்கத்து வீட்டம்மாவோடு காலையில் நடக்கப் போகிறாள். கால் நடக்கிற தூரத்தைவிட வாய் நடக்கிற தூரம்தான் அதிகம், இருந்தாலும் போகட்டும், வீட்டில் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கிறது.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் இந்த ஊரில் இருந்தபோது, மாப்பிள்ளையின் தீராத இருமலுக்கு எங்கள் ஸ்கேன் சென்டரில் நெஞ்சைப் படம் எடுத்தோமே, அந்த டிஸ்க்தான். அங்கே டாக்டர் சொன்னதை நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். நுரையீரலில் இப்போது தெரிகிற புள்ளி அந்தப் பழைய படத்திலும் அதே அளவில் இருந்தால் அது வெறும் தழும்பு, தொடவே வேண்டாம். இல்லையென்றால் விலாவைத் திறந்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இதுதானே விஷயம்?

டிஸ்க்கை இங்கே போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. படம் எழுதிய பக்கத்தில் நக நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது. டிஸ்க்கில் குறை இல்லை, வைத்திருந்த விதத்தில்தான் குறை. மாப்பிள்ளையைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடையை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். வெயிலில் காருக்குள் போட்டிருப்பார், இல்லையென்றால் சாவிக்கொத்தோடு ஒரே டிராயரில் கிடந்திருக்கும். வீட்டுக்காரியான நீயாவது வாங்கி வைத்திருக்கக் கூடாதா?

ஆபீஸ் காப்பி ஒன்று ரெக்கார்டு ரூமில் உண்டு. அங்கே பெயின்ட் அடிக்கிறார்கள், அலமாரியெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. கிடைத்ததும் அனுப்புகிறேன். கவலைப்படாதே. குட்டிக்கு மாமாவின் முத்தம்.

உன் அண்ணன்

இருபதாம் தேதி

தங்கச்சி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்தத் தடவை அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் என் நாக்கு புரண்டுவிடும், இன்னொரு பொய் வந்து விழும் என்று எனக்கே தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து படி. கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு, கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ரெக்கார்டு ரூமில் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. அந்தச் சுவர் பத்து வருடமாக அதே பச்சைதான். போன கடிதத்தை எழுதுவதற்கு முந்தின நாளே ஆபீஸ் காப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதுவும் திறக்கவில்லை.

கீறலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீறல் இருப்பது உண்மை. டிஸ்க் திறக்காத பதற்றத்தில் என் சட்டை நுனியால் அதைத் துடைத்தேன், அப்போது பித்தான் பட்டு விழுந்த கீறல் அது. மாப்பிள்ளை வைத்திருந்த டிஸ்க்கில் ஒரு தூசி கிடையாது. பழைய பனியன் துணியில் சுற்றி, உறைக்குள் போட்டு, மேலே அவருடைய கோணல் எழுத்தில் "நெஞ்சுப் படம், பத்திரம்" என்று எழுதியிருந்தார். பார்சலைப் பிரித்தபோதே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உனக்கு அப்படி எழுதினேன்.

டிஸ்க் ஏன் கெட்டது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஆறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஸ்கேன் எடுத்தவர்களுக்குப் படத்தை டிஸ்க்கில் எழுதி, மேல் பக்கத்தில் பேரும் தேதியும் பிரின்ட் அடித்துக் கொடுப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். வெற்று டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து வாங்குவதும் நான்தான். அப்போது நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது நல்ல டிஸ்க், ஆனால் முகம் மங்கல். லேசாக மஞ்சளடிக்கும், நடு ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மை ஒட்டாது. அந்தச் சமயத்தில் கடைக்காரர் ஒரு புதுச் சரக்கைக் காட்டினார். ஓட்டை விளிம்புவரை பால் வெள்ளை. நான் பிரின்ட் அடித்துப் பார்த்தேன், ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன், குழாய்த் தண்ணீரில்கூடக் காட்டினேன். எழுத்து அசையவில்லை. பெரிய டாக்டர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குப்பா" என்றார். சென்டரின் முதலாளி அவர். பன்னிரண்டு வருட வேலையில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் மிஷினை ஓட்டுகிற கண்ணாடி அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், சங்கிலியில் கண்ணாடி தொங்கும். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். புது டிஸ்க் எது வந்தாலும் ஒன்றில் முழு ஸ்கேனை எழுதி, எழுதிய பக்கம் வெயிலைப் பார்க்கும்படி மேற்கு ஜன்னலில் முப்பது நாள் வைக்க வேண்டும். பிறகு திறந்து பார்க்க வேண்டும். ஒரு படமும் குறையாமல் வந்தால்தான் வாங்கலாம். வெயிலில் ஒரு மாதம் தாங்குவது அலமாரியில் பல வருடம் தாங்கும் என்பது அவர் கணக்கு. பிரின்ட் அழகை நான் பெருமையாகக் காட்டியபோது, "மூஞ்சிய எதுக்குப்பா பாக்கறே, முதுகைப் பாரு" என்றார்.

நானும் ஜன்னலில் வைத்தேன். ஆனால் அந்த வாரமே அக்கா படியில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் லீவில் போய்விட்டார். பழைய டிஸ்க் தீருகிற நிலை. அதையே இன்னும் இரண்டு டப்பா வாங்கியிருக்கலாம், கடையில் இருந்தது. எனக்குத்தான் அந்த மஞ்சள் மூஞ்சியை இனிப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஜன்னலில் இருந்ததை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திறந்தது. ஆனால் கடைசிப் படங்கள் வரும்போது திக்கித் திக்கித்தான் வந்தன. அதைக் கவனித்தேன் தங்கச்சி. கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வெளியே எடுத்து, ஊதிவிட்டு, அக்கா சோதனை முடிவு எழுதுகிற நோட்டில் அவருடைய கட்டத்தில் "முப்பது நாள், சரி" என்று எழுதினேன். அன்று மாலையே இருபது டப்பாவுக்குச் சொல்லிவிட்டேன்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை ஏமாளி என்பார்கள். பால் இல்லை என்று சந்தேகம் வந்த பிறகும் ஊருக்கே ஊற்றிக் கொடுத்தவனை என்னவென்று சொல்வது?

முதல் டப்பாவைப் பிரித்த வாரத்தில்தான் மாப்பிள்ளைக்கு ஸ்கேன். நம் வீட்டு மாப்பிள்ளை என்று அவர் பேரைப் பெரிய எழுத்தில் அடித்து, ஓரத்தில் ஒரு சின்னப் பூவும் போட்டேன். ஆபீஸ் காப்பியையும் அதே டப்பாவிலிருந்து எடுத்தேன். இரண்டு காப்பி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மிஷினோடு இருக்கிற கம்ப்யூட்டரில் இரண்டு வருடம்தான் படம் நிற்கும், பிறகு புதுப் படத்துக்கு இடம் விட்டு அழிந்துவிடும். அதற்குத்தான் டிஸ்க்.

இந்தப் பதினைந்து நாளில் என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். ஏழு கம்ப்யூட்டரில் போட்டேன். ரிசப்ஷனில் இருக்கும் அரதப் பழசு ஒன்றுதான், அரைமணி நேரம் முனகிவிட்டு, ஆபீஸ் காப்பியிலிருந்து பாதிப் படத்தைக் கொடுத்தது. கழுத்தில் தொடங்கி வரிசையாகக் கீழே வருகிற படங்கள். வலது பக்கம் புள்ளி இருக்கிற இடத்துக்கு நான்கு விரல் மேலே வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. கிடைத்த பாதியை ஒரு பென் டிரைவில் இத்தோடு அனுப்புகிறேன், அந்த டாக்டரிடம் கொடு. பிரயோஜனம் இருக்காது என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

அன்றைக்கு ரிப்போர்ட் எழுதிய டாக்டரையும் போய்க் கேட்டேன். புள்ளி எதுவும் ரிப்போர்ட்டில் இல்லையே, அப்படியென்றால் அப்போது இல்லை என்றுதானே அர்த்தம் என்றேன். சின்னத் தழும்பையெல்லாம் சில சமயம் எழுதாமல் விடுவதுண்டு என்றார். ஆறு வருடத்துக்கு முன்னால் பார்த்ததை இப்போது எப்படிச் சொல்வது, "படத்தைக் கொண்டு வாங்க, ஒரு நிமிஷத்துல சொல்றேன்" என்றார். அந்த ஒரு நிமிஷம்தான் என்னிடம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்தது, ஆனாலும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். முந்தாநாள் மதியம் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். உனக்குத் தெரியாமல் மாடிப்படியில் நின்று பேசுவதாகச் சொன்னார். முதலில் உன் அண்ணியின் முழங்காலை விசாரித்தார். பிறகு சொன்னார்:

"மன்னிச்சிருங்க மச்சான். பத்திரமா வச்சிருக்கேன்னுதான் நெனச்சேன். எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல. உங்களுக்கும் அலைச்சல், அவளுக்கும் வேதனை."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல மாப்பிள்ளை, விடுங்க" என்றேன். நான் அவரை மன்னித்தேன் தங்கச்சி. பெரிய மனிதன் மாதிரி, தாராளமாக மன்னித்தேன். போனை வைத்த பிறகு ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே கண்ணாடி அக்காவிடம் போய் நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தன் கட்டத்தில் இருந்த என் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "உன் வீட்டு ஆளா போனதால உனக்குத் தெரிஞ்சுது. மத்தவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார். இரண்டு பேருமாகப் பெரிய டாக்டரிடம் போனோம். அந்தச் சரக்கில் எழுதிய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறோம். நாற்பது பார்த்ததில் பதினாலு திறக்கவில்லை. அலமாரியில் இன்னும் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. திறக்கிறவற்றை உடனே வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். திறக்காதவற்றின் சொந்தக்காரர்களுக்கு நான்தான் போன் செய்து சொல்கிறேன். அது என் பொறுப்பு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வேலை இருக்குமா போகுமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் அண்ணியிடம் நேற்றுதான் சொன்னேன். அவள் இன்று நடக்கப் போகவில்லை.

அவள் வழியாக இன்னொன்றும் தெரிந்தது. என் கடிதத்தை நீ மாப்பிள்ளை முன்னால் சத்தமாகப் படித்தாயாம். அதிலிருந்து மாத்திரை நேரம் தவிர அவரோடு நீ பேசுவதில்லையாம். அப்பா ஏன் பால்கனியிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று குட்டி போனில் அத்தையிடம் கேட்டிருக்கிறாள். உன் மேல் தப்பில்லை. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாய். உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தவனும் நான்தானே. பார்த்தவரைக்கும் நல்லவராகத்தான் பார்த்தேன். இப்போது அவர் தலையிலேயே என் தப்பைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தெரியும். அதை என்னால் நிறுத்த முடியாது. திறந்து பார்த்துத் தழும்புதான் என்று தெரிந்தால், வீணாக ஒரு மனிதரின் விலாவை அறுக்க வைத்தவன் நான். வேறு ஏதாவது என்றால், அதை நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நானும் உன் அண்ணியும் அங்கே வருகிறோம். ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்கிறேன், வராந்தாவில் உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். வராதே என்றால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். அவரிடம் நானே நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். ஆனால் நான் வரும்வரை நீ காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கையில் கிடைக்கும். கிடைத்த உடனே பால்கனிக்குப் போ. அவர் பக்கத்தில் உட்கார். என் போன கடிதத்தைப் படித்ததைவிடச் சத்தமாக இதைப் படி. என்னை என்ன திட்ட வேண்டுமோ அவர் முன்னாலேயே திட்டு. அவர் எனக்காகப் பரிந்து பேசுவார், கேட்காதே. மயக்க ஊசி போடும்போது, தன் அலட்சியத்தால்தான் இவ்வளவும் என்ற நினைப்போடு அவர் கண்ணை மூடக் கூடாது. உன் குரலில் கோபம் இல்லாமல் ஒரு வார்த்தையாவது கேட்டுவிட்டு அவர் உள்ளே போகட்டும், அம்மா.

இப்படிக்கு,
உன் அண்ணன்