ஆரணி அண்ணாவின் பெயரில் நான் எழுதிய நான்கு மாதங்கள்

என் அப்பாவுக்கு,

நேரில் நீ, வா, போ என்றே பேசிப் பழகியவள் நான். கடிதம் என்பதற்காகத் தாங்கள் என்று ஆரம்பித்தால் வேறு யாருடைய அப்பாவுக்கோ எழுதுவது போல இருக்கிறது. அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் பாட்டுக் குழுவில் இருக்கிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்கப் போகிறார்கள். படிக்கட்டும். அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ போனது தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த நீ, அப்படியே மெத்தை மேல் சாய்ந்துவிட்டாயாம். ஆஸ்பத்திரியில் உன் சட்டை, கைக்கடிகாரம், போன் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டையை அம்மா எடுத்துக்கொண்டாள். போன் மேஜை மேல் கிடந்தது. காரியமெல்லாம் முடிகிற வரை அது மணி அடித்துக்கொண்டே இருந்தது. சார்ஜ் தீர்ந்தால் தானாக அடங்கிவிடும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. தினமும் விடிந்ததும் காபிக்குப் பால் வைப்பதற்கு முன்னால் அம்மா அதைச் சார்ஜில் போடுகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அப்பாவ யாரோ கூப்புடுறாங்க, இன்னான்னு பாருடி" என்றாள் ஒரு நாள். அடுப்படியிலிருந்து, சாதாரணமாக, நீ குளிக்கப் போயிருப்பது போல.

பூட்டைத் திறக்க உன் விரல் போகும் வழி எனக்குத் தெரியும். ஒரு 'ட' போடுவாய். நானும் போட்டேன். திறந்துகொண்டது.

நீ ஏதோ பாட்டுக் குழுவில் இருக்கிறாய் என்பது எங்களுக்குத் தெரியும். சாப்பிடும்போது போனைப் பார்த்துச் சிரிப்பாய், அம்மா திட்டுவாள். ஆனால் அந்தக் குழுவுக்கு 'இரண்டாம் சரணம்' என்று பெயர், பல வருடங்களுக்கு முன்பே பாடுவதை நிறுத்திவிட்ட ஒரு பாடகிக்காக ஆயிரம் பேருக்கு மேல் அங்கே கூடியிருக்கிறார்கள், அதை நடத்துகிற அட்மின் நீ என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே உன் பெயர் யாருக்கும் தெரியாது. படம்கூட ஒரு டீ கிளாஸ்தான். எல்லோரும் உன்னை ஆரணி அண்ணா என்கிறார்கள். அறுபது வயதுக்காரர்களும் அண்ணா என்கிறார்கள்.

"அண்ணா, ரெண்டு வாரமா காணோமே. உடம்பு சரியில்லையா?" இது மாதிரி ஐம்பது, அறுபது இருந்தன.

அப்பா இறந்துவிட்டார் என்று எழுத வேண்டியதுதானே? எழுதினேன். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தேன். இந்த வீட்டில், கடையில், தெருவில், ரேஷன் கார்டில் கூட நீ செத்துப்போயிருந்தாய். அங்கே மட்டும் இன்னும் சாகவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, "கொஞ்சம் வேலைப்பா. வந்துட்டேன்" என்று அடித்தேன்.

நூறு பேர் இதயம் போட்டார்கள். அப்பா, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நீ வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது போல இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. புடவை டிசைன் போடும் ஆபீசில் மத்தியான இடைவேளையில் உன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நீ எழுதியதையெல்லாம் பின்னோக்கிப் படித்தேன். எந்த இடத்தில் 'ப்பா' போடுவாய், எதற்குச் சிரிப்பாய், எதற்குப் பேசாமல் இருப்பாய் என்று பழகிக்கொண்டேன். சண்டை வந்தால் நீ குழுவில் ஒரு வார்த்தை எழுத மாட்டாய் என்பதையும் கவனித்தேன். மோசமாக எழுதியதை எடுத்துவிடுவாய். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு "அந்தப் பாட்டில் வீணை வருகிற இடம் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று கேட்பாய். சண்டை போட்ட இருவருமே வந்து பதில் சொல்லியிருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் வீணையைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை, சண்டைதான் இன்னும் வளர்ந்தது.

அப்புறம் பங்குனியில் அந்த வீடியோ வந்தது.

போட்டவர் களம்பூர் மூர்த்தி. அரிசி மில் லாரி ஓட்டுகிறவர், குழுவில் ரொம்ப நாளாக இருக்கிறவர். ஒரு கல்யாண மண்டபத்தில் நம் பாடகியம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பல்லவியிலேயே குரல் உடைந்துபோனது. மூர்த்தி அதன் கீழே எழுத்துப்பிழையோடு ஒரே வரி எழுதியிருந்தார். 'அம்மாவ பாத்துடன்.'

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களைத் திட்ட வந்தவர்கள் மூர்த்தி மேல் பாய்ந்தார்கள். அம்மாவை அவமானப்படுத்தவே படம் பிடித்தாயா என்றார்கள். தமிழ் ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு இந்தக் குழுவில் என்ன வேலை என்றார் ஒரு வேலூர்க்காரர். இன்னொருவர், நீ எந்த ஊர், எந்த ஆளுங்க என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூர்த்திக்கும் தெரிந்திருக்கிறது. அவர் வேலூர்க்காரரின் தாயைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை எழுதினார்.

"அண்ணா, நடவடிக்கை எடுங்க." "அண்ணா, ஏன் சும்மா இருக்கீங்க?" மேலே மேலே வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் பின்னால் நிற்கிறார், இரண்டு மணிக்குள் ஒரு முந்தானை டிசைனை முடித்தாக வேண்டும். நான் எழுதினேன், உன் பெயரில்: "இந்த மாதிரி ஆளுங்களுக்கு இங்க இடம் இல்ல." மூர்த்தியை வெளியேற்றினேன். எந்த ஊர் என்று கேட்டவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் எழுதியது அதற்குள் மேலே போய்விட்டிருந்தது.

கைதட்டல் குவிந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரம் இன்னொருவரைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். அதற்கடுத்து ஒரு வெம்பாக்கம் அக்கா. இரண்டு மாதத்தில் பதினோரு பேர். வரவர யாரும் பாட்டைப் பற்றி எழுதவில்லை. யார் யாரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று படம் எடுத்து எனக்கு அனுப்புவதே வேலையாகிவிட்டது. உன் போனுக்கு மூர்த்தியிடமிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எப்படி எடுப்பேன்? எடுத்தால் என் குரல் அல்லவா வரும்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். கதவைத் தட்டும் சத்தம். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள், ஐம்பது வயது இருக்கலாம், வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே மாலை போட்டிருந்த உன் படத்தையே பார்த்தார்.

"அண்ணா நம்பர காட்டி ஒவ்வொரு பொடவ கடையா கேட்டேன்மா. தை மாசமே பூட்டாருன்னாங்க" என்றார். "நான் களம்பூர் மூர்த்தி. என்னை குரூப்ல இருந்து எடுத்தது பங்குனி கடைசில. செத்துப்போன மனுசன் எப்டிமா என்ன எடுப்பாரு?"

கோபமாக வந்த மனுஷன், கடையில் கேட்ட செய்தியில் பயந்துபோயிருந்தார். ரெண்டு நாள் காய்ச்சலாகக் கிடந்தாராம்.

"நான்தாண்ணா" என்றேன். "அப்பா போன்ல நான்தான் எழுதிகினு இருந்தேன்."

அவர் தன் போனை எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். "அப்ப இதுவும் நீதானாமா?"

வீடியோவைக் குழுவில் போடுவதற்கு முந்தின நாள் அவர் உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறார். 'அண்ணா லோடு ஏத்திகினு போன ஊர்ல அம்மாவ பாத்தேன். அழுதுட்டேன். இத போடலாமா வேணாமா நீங்க சொல்லுங்க.' அதற்குக் கீழே உன் பெயரில் ஒரு கட்டைவிரல். வீடியோவைத் திறந்துகூடப் பார்க்காமல், பஸ்ஸில் நின்றுகொண்டு நான் போட்டது. போட்டதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"நீங்க சரின்னீங்க, போட்டேன். நீங்களே எடுத்துட்டீங்க. நான் இன்னா பண்ணேன்னு அண்ணாவ கேக்கத்தாம்மா கெளம்பி வந்தேன்."

மன்னிச்சிடுங்கண்ணா என்றேன். அது போதவில்லை என்பது எனக்கே கேட்டது.

"இதுக்கு முந்தியும் நான் கெட்ட வார்த்த எழுதிக்கிறேன்" என்றார். "அப்ப உங்கப்பா எடுக்கல. போன்ல பேசி அனுப்பினாரு. கேளு." அவர் ஒரு குரல் பதிவைத் தட்டினார்.

"யோவ் மூர்த்தி, சாப்ட்டியா? அந்த வேலூர்க்காரருக்கு நீ எழுதனத பாத்தேன். நல்லாத்தான் திட்டிக்கிற, ஆனா நாலு எழுத்து தப்பு. எடுத்துட்டேன். அவருகிட்டயும் பேசிட்டேன். வூட்ல அவங்க அம்மாக்கு முடியலயாம், மனுசன் பேஜார்ல இருக்காரு. நீ கோச்சிகினு பூடாத, இன்னா? வீணய பத்தி ஒன்னு கேப்பேன், வந்து சொல்லு. இரு இரு, கஸ்டமர் வந்துட்டாங்க. அப்பறம் கூப்புடுறேன்."

பின்னால் கடை மின்விசிறி சத்தம். யாரோ அரக்கு நிறம் கேட்கிறார்கள். நீ "வாங்கம்மா, உக்காருங்க" என்கிறாய். அதோடு முடிந்துவிட்டது.

அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள். வாசலைப் பார்த்தாள், உன் படத்தைப் பார்த்தாள், மூர்த்தியைப் பார்த்தாள். "எங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைதான். நாலு மாதமாக நான் உன்னை மாதிரி எழுதிப் பழகினேனே, அதில் ஒரு இடத்திலாவது அம்மா இப்படி ஓடி வந்திருப்பாளா?

மூர்த்தி அதை மறுபடி போட்டார். மூன்று முறை கேட்டோம். அம்மா அவரை உட்கார வைத்து இட்லி போட்டாள். உன் போனில் அது இல்லை, இடம் போதவில்லை என்று பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடுவாய். போகும்போது நான் அந்தப் பதிவை எனக்கு அனுப்பச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"தப்பா நெனைக்காதமா. அது எனக்குப் பேசினது. கேக்கணும்னா போன் பண்ணு, போட்டுக் காட்டுறேன்."

அன்று மாலையே குழுவில் எழுதினேன். ஆரணி அண்ணா தை மாதம் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் பெயரில் எழுதியது அவர் மகள். பதினோரு பேரை நீக்கியது நான், அவரல்ல. சிலர் அழுதார்கள். நிறையப் பேர் திட்டினார்கள். பிணத்தின் பெயரில் நாடகம் என்றார் ஒருவர். இவள் அப்பாவும் பொய்யாகத்தான் இருப்பான் என்றார் இன்னொருவர். அதை மட்டும் அழிக்கலாம் என்று கை போனது. அழிக்கவில்லை. அவர் ஏமாந்தது என்னால் அல்லவா.

பதினோரு பேருக்கும் என் போனிலிருந்தே பேசினேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர் பத்து நிமிடம் வாய்க்கு வந்தபடி ஏசினார், கேட்டுக்கொண்டேன். வெம்பாக்கம் அக்கா, அண்ணா கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று மட்டும் கேட்டார். ஏழு பேர் திரும்ப வந்தார்கள். எந்த ஊர், எந்த ஆளுங்க என்று கேட்டவரையும் கூப்பிட்டேன். அவர் தன் கேள்வியில் தப்பே இல்லை என்றார். திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தேன். நீயாக இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியவில்லை. நான் அவரை நீக்கினேன், காரணத்தையும் என் பெயரையும் போட்டு.

மூர்த்தி வரவில்லை. "அங்க வந்து யாரப் பாக்கப் போறேன்மா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவருக்குப் போன் பண்ணுகிறாள். லாரி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் நீ வருகிறாய். கஸ்டமர் வந்துவிடுகிறார்கள். அம்மா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். நீ அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாயே, அதற்காகவா என்று கேட்கத் தைரியம் இல்லை எனக்கு.

இந்த ஆடியில் மறுபடி ஒரு சண்டை. புதிதாக ஒரு பெண் பாடகியம்மாவின் பாட்டைப் பாடி அனுப்பியிருந்தாள், ஒருவர் அவளைக் கண்டபடி எழுதிவிட்டார். ஆரணி அண்ணா இருந்தால் இப்படி நடக்குமா என்று நாலு பேர் கேட்டார்கள். நடந்திருக்காதுதான். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த மனுஷனின் எண்ணை அழுத்தினேன்.

"யாரு?" என்றார்.

"சுமதி பேசறேங்க" என்றேன்.

உன் பெயரில் இனி ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன், அப்பா. தப்பாகப் பேசினாலும் என் வாயால் பேசுவேன்.

உன் மூத்த மகள்,
சுமதி