ரோல்ஸும் கடைசிப் பந்தும்

சனிக்கிழமை, இரவு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன கிழமை மகளின் கூடைப்பந்துக் கோச் என்னை வெளியே அனுப்பிவிட்டார், ஓரத்தில் நின்று கத்தியதற்கு. நான் விளையாடிய காலத்தில் கோச் கத்துகிறபடி ஓடினால் போதும். இப்போது பிள்ளைகள் தாங்களே யோசிக்க வேண்டுமாம்.

"அப்பா, இண்டைக்கும் கத்தினா நான் டீமை விட்டிடுவன்" என்றாள் மகள், இன்றைய போட்டிக்குப் புறப்படும்போது.

மனைவி லண்டன் ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் ஒன்றைத் தந்து, "இதை வாயில வச்சிருங்கோ" என்றாள்.

கடைசி நிமிடம் வரை சமநிலை. பந்து மகளின் கையில். "எறி" என்று கத்த வாய் துடித்தது, ரோல்ஸைக் கடித்தேன். அவள் எறியவில்லை. தனியாக நின்ற கூட்டாளிக்குக் கொடுத்தாள், அந்தப் பிள்ளை கூடைக்குள் போட்டது. நான் கத்தியிருந்தால் எறிந்து கெடுத்திருப்பாள்.

சந்தோஷத்தில் எழும்பினேன். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்த வாங்குப்பலகை மனைவியின் பக்கம் கவிழ்ந்தது. அவள் நிலத்தில் இருந்தபடியே, "ஆர் வெண்டது?" என்று கேட்டாள்.