ஆறாம் நம்பர் ரூமில் எடுத்த ஓட்டு

பாசத்துக்குரிய செல்லையா அண்ணே,

உங்கள் உடலைக் கொழும்புக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. எண்ணெய் டேங்குக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதன் நிழலிலேயே படுத்தீர்கள். பிறகு எழுந்திருக்கவில்லை. ஃபோர்மன் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி உங்கள் காலைத் தட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கும்.

புஜைராவில் நம் கேம்பை மூடிவிட்டார்கள். என்னை ஸ்டோருக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில் போட்டிருக்கிறார்கள். ஏசி முழுக்க எனக்கே. பேசத்தான் ஆள் இல்லை. நாள் முழுக்க "அச்சா பாய், ஜல்தி பாய்" என்றே வாய் ஓடுகிறது. தமிழ் பேச வேண்டுமென்றால் எனக்கு நானே பேசிக்கொள்ள வேண்டியதுதான். டீ பேக்கைத் தொங்கவிட்டுக் குடிக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நீங்கள் பார்த்திருந்தால், "இது டீயா, துணி அலசுன தண்ணியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

இதைச் சொல்ல எழுதவில்லை. நம் சண்டை முடியாமல் நிற்கிறதே, அதற்காக எழுதுகிறேன்.

எட்டுப் பேர் இருந்தோம். ஓட்டு என்ற பேச்சே இல்லாத ஊரில் நம் ரூமில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஓட்டு. எந்த அரிசி வாங்குவது, வெள்ளிக்கிழமை எந்தப் படக் கேசட் போடுவது, எல்லாம் கை தூக்கித்தான். எண்ணுவது என் வேலை. அதில் எனக்கு என்ன பெருமை! விசா கொடுத்த முதலாளி கஃபீலிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தவர்களுக்கு, நாமும் மனிதர்கள்தான் என்ற நினைப்பு அந்த அரைமணி நேரம்தானே வந்தது?

தபால் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்து வருவதும் நான்தான். ஒரு நாள் மாரிக்கு வந்த கடிதத்தில் அனுப்பியவர் முகவரியைச் சத்தமாகப் படித்துக் கொடுத்தேன், தெருப் பெயரோடு. புதிதாக வந்திருந்த பரமன் மாரிக்குப் பக்கத்து ஊர்க்காரன். அன்று மாரி வைத்த குழம்பைத் தொடாமல் வெறும் குப்பூஸ் ரொட்டியைத் தின்றான். இரண்டே நாளில் அது எந்தச் சாதியின் தெரு என்று ரூமுக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் சாதி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அதுதான் நம்மவர்களின் சாமர்த்தியம். "மாரிக்கு சைட்ல வேலை ஜாஸ்தி, பாவம். சமையல்ல இருந்து அவனுக்கு லீவு குடுத்துருவோம்" என்றான் பரமன். ஓட்டுக்கு விட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. அதில் என் கையும் ஒன்று, மாரியின் கையும் ஒன்று. நீங்கள் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"நீங்க எதிர்ப்பாண்ணே?" என்று கேட்டேன்.

"எதிர்ப்பும் இல்ல, ஆதரவும் இல்ல. இது எண்ணுற விஷயமே இல்ல தம்பி."

"மாரியே தூக்கிட்டானே?"

"அவன் வேற என்னா செய்வான்? இந்த ஏழு பேரோடதான படுத்து எந்திரிக்கணும்? அவன் கையவும் சேத்து எண்ணிட்டியே நீ."

பெரும்பான்மை முடிவை மதிக்காவிட்டால் ரூம் எப்படி நடக்கும் என்று நான் எகிறினேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "எங்க ஆளுங்களுக்கு ஓட்டும் இல்ல, பிரஜாவுரிமையும் இல்லன்னு ஆக்குனதும் எண்ணிப் பாத்துத்தான். பார்லிமெண்டுல ஒண்ணுகூடப் பிசகாம சரியா எண்ணுனாங்க" என்றீர்கள். இலங்கையில் அட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்து, முப்பது வயதுக்கு மேல்தான் இன்ன நாட்டுக்காரர் என்று காகிதம் வாங்கியவர் நீங்கள். எனக்கு அன்று உறைக்கவில்லை. எங்கேயோ நடந்த கதையை ஏன் இங்கே இழுக்கிறார் என்று எரிச்சல்தான் வந்தது.

மறுநாளே நீங்கள் மெஸ்ஸை விட்டு விலகி, மாரியோடு தனி ஸ்டவ்வில் சமைக்க ஆரம்பித்தீர்கள். நான் உங்களோடு பேச்சை நிறுத்தினேன். நீங்கள் இறந்த அன்று நாம் பேசி நாற்பது நாள் ஆகியிருந்தது.

போன வெள்ளிக்கிழமை துபாய் போய் மாரியைப் பார்த்தேன். வேறு கம்பெனியில் இருக்கிறான். அன்று அந்த ரூமில் அவன் சமையல் முறை. மீன் குழம்பு வைத்திருந்தான். என்னை உட்காரவைத்துத் தட்டு போட்டான்.

"மாரி, அன்னைக்கு எடுத்த ஓட்டு..."

"சாப்பிடுங்கண்ணே, ஆறிரும்."

"இல்ல, நான் சொல்லியாகணும்."

"நீங்க சொல்லியாகணும். சரி. நான் கேட்டாகணுமாண்ணே?"

குரலில் கோபமே இல்லை. இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போய்விட்டான்.

திரும்பும்போது மலைப்பாதை முழுக்க டாக்சியில் அழுதுகொண்டே வந்தேன். அவனிடம் மன்னிப்பை வாங்கி, உங்களுக்கு எழுதி, சண்டையை முடித்துவிடலாம் என்று கிளம்பியவன் நான். அவன் தரவில்லை. தரவேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. எட்டுப் பேருக்கும் சமமாக உட்கார இடம் இருந்ததால்தானே நம் கைகளுக்கு ஒரு மதிப்பு இருந்தது? அந்த இடத்தையே ஒருவனிடமிருந்து பறித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஓட்டு என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? இந்தக் கேள்வியை அன்று உங்களிடமே கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அடுத்த மாதம் புதுக் கேம்பில் பன்னிரண்டு பேர் அறைக்குப் போகிறேன். அங்கேயும் கை தூக்குவார்கள். அரிசிக்கும் கேசட்டுக்கும் சந்தோஷமாக எண்ணித் தருவேன். ஒரு மனிதனைத் தள்ளிவைக்க எண்ணச் சொன்னால் எண்ண மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். அதற்காக என்னையும் ஒதுக்கினால் ஒதுக்கட்டும். தனியாக உட்கார்வது எனக்கு இப்போது பழகிவிட்டது.

அன்று உங்கள் பக்கத்தில் இடம் இருந்தது, அண்ணே. நான்தான் வந்து உட்காரவில்லை.

நாற்பது நாள் உங்களோடு பேசாமல் இருந்த தம்பி,
கணேசன்