மேட்டுத் தெரு வால்வு

மார்ச் 3, செவ்வாய்
ஐந்தரைக்குத் தொட்டி நிறைந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆறு மணிக்குத் தெருக்களுக்குத் திறந்தேன். மோட்டாரின் வேலை மேலே ஏற்றுவது மட்டும்தான். அவ்வளவு உயரத்தில் நிற்கும் தண்ணீர், தன் எடையாலேயே இறங்கி வீடு வீடாகப் போய்விடும். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை.

மேட்டுத் தெருவிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஊருக்கெல்லாம் தண்ணி விடுற, கூடப் பொறந்தவளுக்கு மட்டும் காத்து விடுறியா?" சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்
அக்கா மறுபடியும். ஒரு வாரமாகக் குடம் சுமக்கிறாளாம். "மேடுன்னா அப்படித்தான்க்கா, கடைசியிலதான் ஏறும்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி
மேட்டுத் தெருவிலிருந்து நிறையப் புகார். "அந்தத் தெருக்காரங்களே குழாயில திருட்டு மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்க, வேறென்ன?" என்றார் இன்ஜினியர். திங்கட்கிழமை அந்தத் தெருவின் இருபத்திரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ்; பிறகு இணைப்பைத் துண்டிப்பார்களாம். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 7, சனி
தொட்டி நிறைய இருக்கிறது. மற்ற தெருக்களில் குழாயைத் திறந்தால் சீறுகிறது. அங்கே மட்டும் ஏன்?

போன மாதக் கடைசியில் அந்தத் தெருவில் குழாய் உடைந்து ஒட்டுப் போட்டபோது, வால்வை அடைத்தது நான்தான். வேலை முடிந்ததும் காற்று வெளியேறட்டும் என்று இரண்டு சுற்று மட்டும் திறந்தேன். மீதியைத் திறந்தேனா? திறந்திருப்பேன்... இல்ல. அந்த நேரம் பார்த்து பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. ஓடிட்டேன்.

ஐயோ.

மார்ச் 8, ஞாயிறு
மேட்டுத் தெரு வால்வுக் குழியின் மூடியைத் தூக்கி, வால்வுச் சாவியை மாட்டித் திருப்பினேன். பன்னிரண்டு சுற்று! கீழே தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால், நோட்டீஸ் விஷயம் தெரிந்து மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள் என்று இன்ஜினியர் நினைத்துக்கொள்வார். ஆனால் அந்த இருபத்திரண்டு வீடும் திருட்டுப் பட்டத்தோடு இருக்கும்.

மார்ச் 9, திங்கள்
சொல்லிவிட்டேன். இன்ஜினியர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "எழுதிக் குடுங்க" என்றார். கொடுத்தேன். நோட்டீஸ் போகவில்லை. நாளையிலிருந்து எனக்குத் தொட்டியில் வேலை இல்லை. அலுவலகத்தில், வருகிற புகார்களை எழுதிக்கொள்ளும் மேசை.

மார்ச் 10, செவ்வாய்
மாலையில் அக்கா வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "எனக்கு மட்டும் சொன்னாப் போதுமா? வா."

வீடு வீடாகப் போனோம். சிலர் பரவாயில்லை என்றார்கள், சிலர் திட்டினார்கள். ஒன்பதாவது வீட்டுக்காரர் பாதிப் பேச்சில் கதவைச் சாத்தினார். நான் படியிறங்கிவிட்டேன். அக்கா நகரவில்லை. மறுபடி தட்டினாள்.

"கதவத் திறங்க. என் தங்கச்சி இன்னும் சொல்லி முடிக்கல."