மலர் கட்டிவைத்த தவிடு

6-8-84, திங்கள்
காலையிலிருந்தே ஆடிக் காற்று. பால்வாடிக்குள் மண், சோற்றில் மண், என் தலையில் மண்.

ஒன்றிய ஆபீசிலிருந்து கடிதம். வெள்ளிக்கிழமை மேற்பார்வை அம்மா வருகிறார். கதை நேரம் எப்படி நடத்துகிறேன் என்று பார்க்க வேண்டுமாம். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'பாப்பா'.

வேண்டியவை:
பழைய புடவை (தூளி கட்ட)
துணி பொம்மை - நான்தான் தைக்க வேண்டும். கண் வைக்க இரண்டு பொத்தான்.
படம் - கன்றுக்குட்டி, கோழிக்குஞ்சு, குரங்குக் குட்டி
வசம்பு, கிலுகிலுப்பை
கோந்து

ஆயா கன்னியம்மா பட்டியலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பாப்பாவப் பத்தி இந்தப் பசங்களுக்கு நாம இன்னாத்த சொல்லித் தர்றது? வீட்டுக்கு ஒண்ணு கீதே." நியாயம்தான். வீட்டில் பாப்பா இருப்பவர்கள் கை தூக்கச் சொன்னேன். மலர் இரண்டு கையையும் தூக்கினாள். நாலரை வயது. தம்பி பிறந்து இருபது நாள்.

7-8, செவ்வாய்
பொம்மை முடிந்தது. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. குழந்தைகளுக்குப் பிடித்துவிட்டது, போதும்.

ஒத்திகை. நீங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து என்றது ஒன்று. வேலூர் பஸ்ஸில் வந்தேன் என்றது இன்னொன்று. ஹபீப் சன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டினான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி. அந்த ஜோரில் மலரிடம், "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினாங்க" என்றேன். எல்லார் வீட்டிலும் சொல்கிற கேலிதான். என் அண்ணன் எனக்குப் பத்து வயது வரை சொன்னான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. மலரும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

குரங்குப் படம் கிடைக்கவில்லை. நானே வரைந்தேன், பூனை மாதிரி வந்திருக்கிறது.

8-8, புதன்
மனசே சரியில்லை.

மலர் சோறு தொடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை கழுவ எழுப்பியபோது பாவாடை நுனியில் ஒரு முடிச்சு. கன்னியம்மா அவிழ்த்துப் பார்த்தாள். தவிடு. எருமைக்கு வைத்திருந்ததிலிருந்து அள்ளிக் கட்டி வந்திருக்கிறாள்.

எதற்கடி என்றேன். மெதுவாகச் சொன்னாள்: "தம்பி வந்துட்டான். என்னைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அப்புறம் அம்மா வாங்க வரும்போது தவிடு தீந்துபோச்சினா?"

நான் சொன்னது பொய் என்றேன். "டீச்சர் பொய் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளோடு ஒன்பது வருஷம் வேலை செய்கிறேன். எனக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா காசியம்மாள் பிள்ளை பெற்ற உடம்போடு காதில் துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தம்பிக்காரனைத் தூளியில் போட்டுவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அது பொய்யி இல்லீங்க டீச்சர்."

மலருக்கு முன்னால் இரண்டு. இரண்டுமே பிறந்த வாரத்தில் போய்விட்டன. மூன்றாவதாக மலர் பிறந்தபோது, தன் பிள்ளை என்றால் தங்காது என்று முறத்தில் போட்டு எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாளாம். எதிர்வீட்டுக்காரி ஹபீப்பின் அம்மாதான். அவளிடம் ஒரு படி தவிடு அளந்து கொடுத்து வாங்கி வந்தாளாம். கண் பட்டுவிடும் என்று குழந்தையிடம் சொன்னதில்லை.

இதை மலரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். எழுந்து தூளியை ஆட்டப் போய்விட்டாள். என் கேலி எங்கே போய்க் குத்தியிருக்கிறது பாருங்கள். நாக்கைப் பிடுங்கிப் போடலாம்.

9-8, வியாழன்
மலர் வரவில்லை.

காற்றில் கன்றுக்குட்டி படம் கிழிந்தது. கோந்து காய்ந்துவிட்டது. தூளி கட்டிப் பார்த்தேன், சன்னல் கம்பி தாங்குகிறது. கன்னியம்மா நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. போகும்போது மட்டும், "இனிமே கேலி கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க டீச்சர்" என்றாள். சரி என்றேன்.

மேற்பார்வை அம்மா என்ன எழுதினாலும் எழுதட்டும். அந்தப் பெண் நாளைக்கு வந்தால் போதும்.

10-8, வெள்ளி
எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

மேற்பார்வை அம்மா பத்து மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பொம்மையைத் தூளியில் போட்டுக் கன்றுக்குட்டிக் கதையை எடுத்தேன். பாதியில் வாசலில் காசியம்மாள். இன்னும் முப்பது நாள் ஆகாத உடம்பு. கைக்குழந்தையை ஹபீப்பின் அம்மாவிடம் விட்டுவிட்டு, மலரை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் முறத்தோடு வந்திருந்தாள். "நான் சொல்லட்டுங்களா" என்று கேட்டாள். மே. அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

காசியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "உனக்கு முன்ன ரெண்டு பாப்பா வந்தாங்க. நிக்கல. அப்புறம் நீ வந்த. நீயும் போயிடுவியோனு எனக்கு பயம். இந்த முறத்துல போட்டு எதிர்வீட்டுல குடுத்துட்டேன். ஒரு நிமிஷம் கூட இருக்க முடியல. ஓடிப்போய்த் தவிடு குடுத்துத் தூக்கினு வந்துட்டேன். வாங்கினது வாங்கினதுதான். யாருக்கும் திருப்பிக் குடுக்கமாட்டேன்."

மலர் யோசித்தாள். "தம்பிக்கு எவ்ளோ குடுத்த?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவன் சும்மா வந்தான்."

அவ்வளவுதான். மலர் முடிச்சை அவிழ்த்துத் தவிட்டை முறத்தில் கொட்டினாள். எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது. மத்தியானம் சோறு இரண்டு தரம் வாங்கினாள். மே. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

காசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். நன்றி. ஆயிரம் தரம் நன்றி.

13-8, திங்கள்
காற்று அடங்கிவிட்டது. சனிக்கிழமை பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் போட்ட வாழைமட்டை வாசல் வரை. பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ஹபீப்பின் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று நாளாக வீட்டில் ஒரே அழுகையாம். மலரை மட்டும் வாங்கினார்கள், என்னை ஏன் சும்மா எடுத்துக்கொண்டாய் என்று. "என்னால முடியல டீச்சர். கொஞ்சம் இவனைப் புடிங்க" என்று அவனை என் மடியில் உட்காரவைத்தாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, ஒரு பிடி தவிட்டை என் கையில் கொட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் இன்னும் ஏழெட்டு அம்மாக்கள், பிள்ளையும் பொட்டலமுமாக. கன்னியம்மா சிரிக்காமல் முறத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

எல்லாரையும் விற்றேன். ஹபீப் இரண்டாவது தரமும் வரிசையில் வந்து நின்றான். அவனையும் மறுபடி விற்றேன்.